கிளை நூலகத்தையும் திடலையும் எடுக்கப் போகிறார்கள், கையெழுத்து வாங்கியாச்சு, அடுத்து என்ன?

வெள்ளைத்தாள்:

எந்த ஊர் என்று வேண்டுமென்றே சொல்லவில்லை. சொன்னால் இழை முழுக்க அந்த ஊர் அரசியல்தான் ஓடும். விஷயம் இது. எங்கள் பகுதியில் ஒரு கிளை நூலகம், அதன் பின்பக்கம் பிள்ளைகள் விளையாடும் திடல், இரண்டும் ஒரே பொது நிலத்தில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து "ஒருங்கிணைந்த மேம்பாடு" என்ற பெயரில் வணிக வளாகம் ஆக்கப் போகிறார்களாம். நூலகம் "தற்காலிகமாக" வேறு இடத்துக்குப் போகுமாம். எந்த இடம் என்று கேட்டால் பதில் இல்லை.

அறிவிப்பை வாசலில் ஒட்டவில்லை. சைக்கிள் நிறுத்தும் பக்கச் சுவரில், முழங்கால் உயரத்தில் ஒட்டியிருக்கிறார்கள். குனிந்தால்தான் படிக்க முடியும். ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசித் தேதி அடி வரியில் பொடி எழுத்தில் இருக்கிறது. சைக்கிள் பூட்டைத் திறக்கக் குனிந்த ஒரு பையன் கண்ணில் பட்டதால்தான் எங்களுக்கே தெரிந்தது.

வாட்ஸப் குழு ஆரம்பித்தோம், இணையத்தில் கையெழுத்து இயக்கம் தொடங்கினோம், நாங்கள் நினைத்ததைவிட நிறையவே வந்தது. இப்போது குழுவில் பாதி நேரம் பதாகையில் எந்தப் படம் போடுவது என்று சண்டை. கட்டிடம் பழமையானது, அதைச் சொல்லுங்கள் என்று ஒரு கூட்டம். பழமையெல்லாம் யாரும் மதிக்க மாட்டார்கள், பிள்ளைகள் படிப்பைச் சொல்லுங்கள் என்று இன்னொரு கூட்டம். இப்படி இறங்கிப் பார்த்தவர்கள், தோற்றவர்களும்தான், கொஞ்சம் சொல்லுங்களேன்.

நில அளவையர்:

தம்பி, பதாகையை விடுங்கள். முதலில் அந்த அறிவிப்பைத் தேதி தெரிகிற மாதிரி படம் எடுங்கள், சுவர் முழுக்கத் தெரிகிற மாதிரி இன்னொரு படமும் எடுங்கள். அது எவ்வளவு உயரத்தில் ஒட்டப்பட்டிருந்தது என்பதே நாளைக்கு உங்களுக்கு ஒரு வாதம். நாளைக்குக் கிழிந்துவிடும், இல்லை கிழிக்கப்பட்டுவிடும்.

நான் நகரமைப்பு அலுவலகத்தில் ரொம்ப வருஷம் எழுத்தராக இருந்தவன், அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். இணையக் கையெழுத்து செய்தித்தாளுக்குப் போகும், கோப்புக்குள் வராது. கோப்புக்குள் வருவது தபால் பிரிவில் முத்திரை குத்தி, எண் போட்டு, வாங்கிக்கொண்டோம் என்று நகலில் கையெழுத்து வாங்கிய காகிதம்தான். அதிலும் ஒரே வாசகத்தை அச்சடித்து ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கிக் கட்டாகக் கொடுத்தீர்கள் என்றால், "ஒரே மாதிரியான மனுக்கள் வரப்பெற்றன" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நானே அப்படி எழுதியிருக்கிறேன், அப்படித்தான் எழுதச் சொல்வார்கள். ஆளுக்கு ஒரு காரணத்தைச் சொந்த வார்த்தையில் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். பத்து நல்ல கடிதங்கள் போதும், அலுவலகமே திணறும்.

அடுத்தது, இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். யோசனையா, தீர்மானம் போட்டாயிற்றா, டெண்டர் விட்டாயிற்றா, பணி ஆணை கொடுத்தாயிற்றா? யோசனையாக இருக்கும்போது மாற்றுவதற்கு ஓர் அதிகாரியின் மனம் மாறினால் போதும். பணி ஆணைக்குப் பிறகு ஒப்பந்ததாரரின் பணமும் மாட்டிக்கொண்டிருக்கும், நீதிமன்றத்தைத் தவிர வழி இருக்காது. இந்தியாவாக இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், ஆனால் பதில் தர அவர்களுக்கு 30 நாள் இருக்கிறது, அதற்குள் உங்கள் ஆட்சேபத் தேதி முடிந்துவிடும். அதனால் நகல் மட்டும் கேட்காமல் கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். அதுவும் அதே 2005 சட்டத்தில் இருக்கிற உரிமைதான், பலருக்குத் தெரியாது.

கடைசியாக, அந்த நிலம் எதற்காக ஒதுக்கப்பட்டது? மனைப்பிரிவு வரைபடத்தில் "பூங்கா" என்றோ "பொது உபயோகம்" என்றோ இருந்தால் உங்கள் பாதி வேலை முடிந்தது. பெங்களூரில் பூங்காவுக்கு என்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள், அக்கம்பக்கத்துக்காரர்கள் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போய் 1991-ல் ஜெயித்தார்கள். பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா என்று தேடுங்கள். மருத்துவமனையும் நல்லதுதானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. பூங்கா என்று போட்ட இடத்தில் பூங்காதான், அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கு வழக்குப் போட உரிமை உண்டு என்று தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். கிராமமாக இருந்து குளம், மேய்ச்சல் நிலம் மாதிரி ஏதாவது என்றால் 2011-ல் வந்த ஜக்பால் சிங் தீர்ப்பைப் பாருங்கள், பொது நிலத்தை ஆக்கிரமித்தவர்களுக்கே பட்டா போட்டுக் கொடுக்கும் வழக்கத்தை அதில் வெளுத்து வாங்கியிருக்கிறார்கள்.

குறுக்குக்கேள்வி:

நில அளவையர் ஐயா சொன்ன வழக்கையே எடுத்துக்கொள்வோம். மருத்துவமனை வேண்டாம், பூங்கா வேண்டும் என்று கேட்டது யார்? அந்தப் பகுதியில் ஏற்கெனவே வீடு இருப்பவர்கள். மருத்துவமனை வந்திருந்தால் பயன்பட்டிருக்கக்கூடிய மற்றவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஊர் மக்கள் போராட்டம் என்றதும் எல்லோரும் கை தட்டுகிறோம், ஆனால் இதில் நிறைய "என் வாசலில் எதுவும் வரக்கூடாது" வகைதான்.

பெர்லினில் டெம்பல்ஹோஃப் என்று பழைய விமான நிலையம். 2008-ல் மூடினார்கள், 2010-ல் ஓடுபாதையைப் பொது மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதன் ஓரங்களில் ஏறக்குறைய 4,700 வீடுகள் கட்டலாம் என்று நகர நிர்வாகம் சொன்னபோது, மக்கள் 2014-ல் வாக்கெடுப்பில் 64 சதவீதத்துக்கு மேல் கட்டக்கூடாது என்று போட்டுவிட்டார்கள். வீட்டு வாடகை எகிறிக்கொண்டிருந்த நகரம் அது. வாடகை கட்ட முடியாமல் ஊரைவிட்டுப் போனவனுக்கு அந்த வாக்கெடுப்பில் ஓட்டு கிடையாது.

வெள்ளைத்தாள் தம்பி, உங்கள் நூலகத்துக்கு உண்மையில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேரிடம் உறுப்பினர் அட்டை இருக்கிறது?

அல்லி:

குறுக்குக்கேள்வியின் கடைசி வரி சரியான கேள்வி, கோபப்படாதீர்கள் யாரும்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே ஸ்டாம்ஃபோர்ட் சாலையில் 1960-ல் திறந்த செங்கல் கட்டிடத்தில் தேசிய நூலகம் இருந்தது. சுரங்கப் பாதை போடுவதற்காக அதை இடிக்கப் போவதாகத் தெரிந்தபோது, பொதுவாக வாய் திறக்காத ஊர் என்று பெயர் எடுத்த இந்த ஊரில் அவ்வளவு பேர் எழுதினார்கள், பேசினார்கள். ஒரு கட்டிடக் கலைஞர் பாதையை மாற்றிப் போடலாம் என்று முழு மாற்றுத் திட்டமே வரைந்து கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. 2004-ல் மூடி இடித்தார்கள். வாசல் தூண்கள் இரண்டு மட்டும் இன்னும் நிற்கின்றன. நான் சொல்ல வருவது, மாற்றுத் திட்டம் கொடுங்கள், கேட்பார்கள் என்று எல்லோரும் அறிவுரை சொல்வார்கள், அது மட்டும் போதாது. முடிவு எடுத்து முடித்த பிறகு கொடுக்கும் மாற்றுத் திட்டத்தை நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

அதே ஊரில் பழைய மலாயா ரயில் பாதை நிலம் 2011 ஜூலை 1-ஆம் தேதி சிங்கப்பூர் கைக்கு வந்தது. அதற்கு முந்தின வருஷமே, அந்த நிலத்தை என்ன செய்வது என்று அரசாங்கம் முடிவு செய்வதற்கு முன்பே, இயற்கைச் சங்கத்துக்காரர்கள் இதைத் துண்டு போடாமல் தொடர் பசுமைப் பாதையாக வைத்திருங்கள் என்று யோசனை கொடுத்துவிட்டார்கள். 24 கிலோமீட்டர் பாதை இன்றைக்கும் நடக்க இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் காலம்தான்.

ஹாங்காங்கில் ஸ்டார் ஃபெரி படகுத்துறையும் இதே கதைதான். நூற்றுக்கணக்கானவர்கள் போய் மறித்தது 2006-ல், இடிக்கும் இயந்திரம் வந்த பிறகு. கருத்துக் கேட்பெல்லாம் வருஷங்களுக்கு முன்பே முடிந்துவிட்டது, அப்போது எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டார்கள். எரிச்சலாக இருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. உங்களுக்குக் கடைசித் தேதி இன்னும் தாண்டவில்லை, அதுவே பெரிய அதிர்ஷ்டம்.

வெள்ளைத்தாள்:

உறுப்பினர் அட்டைக் கேள்வி குத்திவிட்டது, குழுவில் கேட்டேன், பாதிப் பேர் பதிலே போடவில்லை :) சின்ன வயதில் போனோம் என்பவர்கள்தான் அதிகம்.

ஆனால் வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வாட்ஸப் குழுவில் இல்லை. காலையில் கதவு திறப்பதற்கு முன்பே போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வாசல் படியில் உட்கார்ந்திருப்பார்கள், மின்விசிறிக்குக் கீழே இருக்கும் மேசையைப் பிடிக்க. பத்து மணிக்கு மேல் நாளிதழ் படிக்கப் பெரியவர்கள். அவர்களில் ஒருவர் தினமும் ஒரு நாளிதழின் கடைசிப் பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு உட்காருவார், மற்றவர்கள் அவர் முடிக்கும்வரை காத்திருப்பார்கள். சாயங்காலம் பள்ளி விட்டதும் திடலுக்கு வரும் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்கும் நூலகத்துக்குள்தான் வருகிறார்கள். இதையெல்லாம் வருகைப் பதிவேடு காட்டாது, பாதிப் பேர் கையெழுத்துப் போடுவதே இல்லை.

தோட்டத்துச் செல்வி:

அந்தக் கழிப்பறை விஷயத்தை முதல் கடிதத்திலேயே எழுது தம்பி. நூலகத்தை வேறு இடத்துக்கு மாற்றினாலும் திடல் செத்துவிடும் என்பதற்கு அதைவிட நல்ல காரணம் கிடையாது. இரண்டும் ஒன்றை ஒன்று நம்பி இருக்கிறது என்று திட்டம் போட்டவருக்குத் தெரிந்திருக்காது.

ஒரு வாரம் யாராவது நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து மணிக்கு மணி எழுதுங்கள். பெயர் வேண்டாம், எத்தனை பேர், என்ன வயது, எதற்கு வந்தார்கள், அது போதும். மழை நாள், விடுமுறை நாள் எல்லாம் சேர்த்து. கூட்டிச் சொல்லாதீர்கள், குறைவாக இருக்கிற நேரத்தையும் அப்படியே எழுதுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் ஒரு நாள் வந்து எண்ணிவிட்டு உங்களைப் பொய்யர்களாக்கிவிடுவார்கள்.

அப்புறம் குறுக்குக்கேள்விக்கு. நான் மலேசியாக்காரி. உங்கள் கேள்விக்கு எங்கள் ஊரில் ஒரு கதை இருக்கிறது, இரண்டு பக்கமும் வலிக்கும். கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் என்ற வசதியான குடியிருப்பு, அதை ஒட்டி ரிம்பா கியாரா பூங்கா. பூங்காவின் ஒரு பகுதியில் உயரமான அடுக்குமாடிகள் கட்ட மாநகர் மன்றம் 2017-ல் அனுமதி கொடுத்தது. அந்த வட்டாரம் முன்பு புக்கிட் கியாரா ரப்பர் தோட்டம். பால்மரம் வெட்டிய நம் சனங்களின் குடும்பங்கள், தோட்டம் போன பிறகு, "நீண்ட வீடு" என்று சொல்லும் தற்காலிக வரிசை வீடுகளில் நிரந்தர வீட்டுக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்தார்கள். அவர்களுக்கான வீடுகளையும் அதே திட்டத்துக்குள் சேர்த்திருந்தார்கள். ஆக, பூங்காவைக் காப்பாற்று என்று கத்தினால் ஏழைத் தோட்டத் தொழிலாளிக்கு வீடு வேண்டாம் என்கிறாயா என்று திருப்பிக் கேட்கலாம். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்.

பூங்காக்காரர்கள் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள், 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், 2023 ஏப்ரலில் எங்கள் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. நீதிமன்றம் பார்த்தது, அந்த இடம் நகரத் திட்டத்தில் பொதுத் திறந்தவெளி என்று இருக்கும்போது அதை மீறியதற்கு ஏன் காரணம் சொல்லவில்லை என்பதைத்தான். நீண்ட வீட்டுக்காரர்களின் வீட்டுக் கேள்விக்கு அந்தத் தீர்ப்பு பதில் சொல்லவில்லை, அது நீதிமன்றத்தின் வேலையும் இல்லை. எதிரும் புதிருமாக நிறுத்தப்பட்ட இரண்டு கூட்டங்களுக்கும் உண்மையில் ஒரே நிலத்தில் சண்டை இல்லை, ஒன்றுக்கு வீடு வேண்டும், இன்னொன்றுக்குக் கோபுர அடுக்குமாடி வேண்டாம், அவ்வளவுதான். அதைப் புரிந்துகொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினால்தான் மூன்றாவது ஆள் நடுவில் புகுந்து காரியம் சாதிக்க முடியாது. குறுக்குக்கேள்வி அண்ணா, நீங்கள் கேட்பது நியாயம், ஆனால் அந்தக் கேள்வியை யார் யாருக்காகக் கேட்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

குறுக்குக்கேள்வி:

இது நல்ல பதில் அக்கா. ஒத்துக்கொள்கிறேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் யோசிக்க வைத்தது. என் வாதத்தை மாற்றிச் சொல்கிறேன்: வணிக வளாகம் வேண்டாம் என்று மட்டும் சொல்லாமல், அந்த இடத்தால் நிர்வாகத்துக்கு இருக்கும் உண்மையான தலைவலி என்ன என்று கேளுங்கள். பணம் இல்லை என்பதா, கூரை ஒழுகுகிறதா, ஆள் இல்லையா? கூரைதான் பிரச்சினை என்றால் வளாகம் அதற்கு மருந்தே இல்லை என்று சொல்ல வசதியாக இருக்கும்.

தேம்ஸ்கரை:

லண்டன் பக்கத்திலிருந்து. இங்கே 2010-க்குப் பிறகு உள்ளாட்சிகளுக்குப் பணம் வெட்டியதில் நூலகங்கள்தான் முதலில் மாட்டின. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, க்ளஸ்டர்ஷயர், சோமர்செட் என்று இரண்டு மாவட்டங்களில் நூலகக் குறைப்புத் திட்டத்தை உயர் நீதிமன்றம் 2011 நவம்பரில் ரத்து செய்தது. நூலகம் புனிதமானது என்று சொல்லி அல்ல. குறைத்தால் முதியவர்களுக்கும், உடல் ஊனமுற்றவர்களுக்கும், வசதி இல்லாதவர்களுக்கும் என்ன ஆகும் என்று சட்டப்படி ஆராய்ந்திருக்க வேண்டும், அதைச் சரியாகச் செய்யவில்லை என்று. வழக்கு ஜெயிப்பது பெரும்பாலும் இப்படித்தான், அவர்கள் தாண்டிக் குதித்த ஒரு படியைப் பிடித்து. ஆனால் நிர்வாகம் அந்தப் படியை ஒழுங்காக ஏறிவிட்டு அதே முடிவுக்கு மறுபடி வரலாம். கிடைப்பது அவகாசம்தான். அந்த அவகாசத்தில் என்ன செய்கிறீர்கள் என்பது வேறு சண்டை.

இரண்டு, இங்கே 2011 உள்ளூராட்சிச் சட்டத்தில் ஒரு வசதி உண்டு. மதுக்கடை, கூடம், கடை, திடல் எதுவானாலும், இது எங்கள் சமூகத்துக்குப் பயன்படும் சொத்து என்று ஊர்க்குழு விண்ணப்பித்துப் பட்டியலில் சேர்க்கலாம். ஐந்து வருஷம் செல்லும். உடைமையாளர் விற்க நினைத்தால் சொல்லியாக வேண்டும், ஆறு வாரத்துக்குள் ஊர்க்குழு வாங்க விரும்புவதாக எழுதிக் கொடுத்தால் ஆறு மாதம் விற்பனை நிற்கும். அதற்குள் பணம் திரட்ட வேண்டும். நன்ஹெட் பகுதியில் ஐவி ஹவுஸ் என்ற மதுக்கடையை அப்படித்தான் 2013-ல் ஊர்க்காரர்களே வாங்கிக் கூட்டுறவாக நடத்துகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உடைமையாளர் உங்களுக்குத்தான் விற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஆறு மாதம் பொறுத்துவிட்டு வேறு யாருக்கும் கொடுக்கலாம். பணக்காரப் பகுதிக்காரர்களால் முடிகிறது, மற்றவர்கள் உண்டியல் குலுக்கியே களைத்துப் போகிறார்கள்.

இன்னொன்று, இது சொல்ல எனக்கே பிடிக்கவில்லை. இங்கே நிறைய நூலகங்களை "காப்பாற்றினோம்" என்று சொல்லித் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள். சம்பளம் வாங்கிய நூலகரின் வேலை போயிற்று. கட்டிடம் திறந்திருக்கிறது, வாரத்தில் சில மணி நேரம், யாருக்கு வசதிப்படுகிறதோ அப்போது. எங்களிடம் கொடுங்கள், நாங்களே நடத்துகிறோம் என்று உணர்ச்சி வேகத்தில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

சுவடி:

தேம்ஸ்கரை சொன்ன கடைசி விஷயத்தைப் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

தமிழ்நாட்டு உதாரணம் வேண்டும் என்றால் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2010 செப்டம்பரில் திறந்தது. அடுத்த வருஷம் ஆட்சி மாறியதும் நவம்பரில், அதைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப் போவதாக அறிவித்தார்கள். வழக்குப் போய்ச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் பிழைத்தது என்று எல்லோரும் இனிப்புக் கொடுக்காத குறைதான். அதற்குப் பிறகு என்ன நடந்தது? இடமாற்ற முடியாது, சரி, ஆனால் பராமரிக்க வேண்டும் என்று யாருக்கு அவசரம்? பராமரிப்பைச் சரிசெய்யச் சொல்லி மறுபடி நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. தடை ஆணை கட்டிடத்தை இடிக்காமல் தடுக்கும், பல்பு மாற்றாது, புதுப் புத்தகம் வாங்காது, காலியான நூலகர் இடத்தை நிரப்பாது. கவனிக்காமல் விட்டே ஒரு பொது இடத்தைக் கொல்லலாம், அதற்கு அறிவிப்பு ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் கிளை நூலகத்தில் கடைசியாகப் புதுப் புத்தகம் எப்போது வந்தது என்று பாருங்கள். அங்கேயே தொடங்கியிருக்கும்.

ராணி மேரி கல்லூரியை எடுத்துக்கொண்டால், 1914-ல் தொடங்கிய கல்லூரி, 2003-ல் அதை எடுத்துவிட்டுத் தலைமைச் செயலகம் கட்டப் போவதாகச் சொன்னபோது உள்ளே படித்துக்கொண்டிருந்த மாணவிகள் உட்கார்ந்துவிட்டார்கள். பழைய மாணவிகள், பாரம்பரிய ஆர்வலர்கள், கட்சிகள் எல்லோரும் பிறகு சேர்ந்தார்கள். ஆனால் அந்த இடத்தைத் தினமும் பயன்படுத்துகிறவர்கள் முன்னால் நின்றார்கள், திட்டம் கைவிடப்பட்டது. உங்கள் படி மேல் உட்காரும் தேர்வுப் பிள்ளைகள்தான் முன்னால் நிற்க வேண்டியவர்கள், பதாகைக்குப் படம் தேடுகிற நாம் இல்லை.

பழமையா, பயன்பாடா என்ற சண்டைக்கும் இதையே சொல்வேன். பழமை வாதம் கட்டிடத்துக்கு உதவும், உள்ளே இருப்பவர்களுக்கு உதவும் என்று நிச்சயம் இல்லை. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு முடிந்தது, வாடகை ஏறித் தலைமுறையாக இருந்த குடும்பங்களும் சின்னக் கைத்தொழில்காரர்களும் வெளியேறினார்கள். 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வீடுகளின் முகப்பு இப்போது பிரமாதமாக இருக்கிறது. தோட்டத்துச் செல்விக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

தோட்டத்துச் செல்வி:

பாதி வீடு தங்கும் விடுதியாயிற்று. சுவர் ஓவியத்தோடு படம் எடுக்க வரிசை நிற்கிறது. அதற்கு மேல் கேட்காதீர்கள்.

மேஸ்திரி மகன்:

யாரும் தொழிலாளிகளைப் பற்றிப் பேசவில்லையே. கட்டிடத்தை இடிப்பதும் கட்டுவதும் யார்?

சிட்னியில் ஹண்டர்ஸ் ஹில் பகுதியில் கெல்லிஸ் புஷ் என்று ஆற்றங்கரையில் கடைசியாக மிஞ்சிய புதர்க்காடு. அதை வாங்கி வீடு கட்ட ஒரு நிறுவனம் வந்தபோது அந்தப் பகுதிப் பெண்கள் 13 பேர் 1970-ல் ஒரு குழு ஆரம்பித்தார்கள். நகர மன்றம், அமைச்சர் என்று எல்லாக் கதவையும் தட்டிவிட்டுக் கடைசியில் கட்டுமானத் தொழிலாளர் சங்கத்திடம் போனார்கள். வசதியான வீட்டுப் பெண்கள், இடதுசாரிச் சங்கம், ஒட்டவே ஒட்டாத ஜோடி. சங்கத் தலைவர் ஜாக் மண்டி கூட்டத்தார் உடனே சரி என்று சொல்லவில்லை. ஊரே வேண்டாம் என்கிறது என்று பொதுக்கூட்டம் போட்டுக் காட்டுங்கள் என்றார்கள். 600 பேர் வந்தார்கள். சங்கம் அந்த நிலத்தில் வேலை செய்ய மாட்டோம் என்று 1971-ல் அறிவித்தது. சங்கத்தில் இல்லாத ஆட்களை வைத்துக் கட்டிக்கொள்கிறோம் என்றது நிறுவனம். அதே நிறுவனத்தின் வேறொரு கட்டிடத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள், அங்கே ஒரு மரத்தைத் தொட்டால் இந்தக் கட்டிடம் பாதியிலேயே என்றைக்கும் நிற்கும் என்றார்கள். அதோடு முடிந்தது. "பசுமைத் தடை" என்று பெயர் வந்ததே அங்கிருந்துதான். அந்த இடம் இன்றைக்கும் பொதுப் பூங்கா.

உங்கள் ஊரில் அப்படிச் சங்கம் இருக்கிறதோ இல்லையோ, ஆனால் நூலகத்தில் வேலை செய்கிறவர்களை மறந்துவிடாதீர்கள். அதே நேரம் அவர்களை மேடையில் ஏற்றாதீர்கள், பேட்டி கேட்காதீர்கள், குழுவில் சேர்க்காதீர்கள். தற்காலிகப் பணியாளராக இருந்தால் வேலையே போய்விடும். அவர்கள் சொன்னார்கள் என்று ஒரு வரிகூட எழுதக்கூடாது.

நில அளவையர்:

மேஸ்திரி மகன் சொன்னது முக்கியம். யார் தகவல் கொடுத்தது என்பதை முதலில் விசாரிப்பார்கள், ஆட்சேபத்தைப் பிறகுதான் படிப்பார்கள்.

பஞ்சாயத்துப் பகுதியாக இருந்தால் கிராம சபையை விடாதீர்கள். தமிழ்நாட்டில் இப்போது வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானம் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், அங்கே போய்க் கத்துவதில் பலன் இல்லை. தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஒடிசாவின் நியம்கிரி மலையில் 2013-ல் 12 கிராம சபைகள் சுரங்கம் வேண்டாம் என்றதும் திட்டம் நின்றது உண்மைதான், ஆனால் அதற்குப் பின்னால் வன உரிமைச் சட்டமும் உச்ச நீதிமன்ற உத்தரவும் இருந்தன. எல்லாக் கிராம சபைத் தீர்மானத்துக்கும் அந்தப் பலம் கிடையாது. ஆனாலும் கோப்பில் அது ஒரு முள்.

பாதிராத்திரி:

வேறு யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். போராட்டக் குழுக்கள் பெரும்பாலும் எதிராளியால் சாவதில்லை, பணக் கணக்காலும் பேட்டியாலும்தான் சாகின்றன. பணம் வாங்கினால் அன்றைக்கே ரசீது, இரண்டு பேர் கையெழுத்து, கணக்கைக் குழுவில் போடுங்கள். பேட்டி கொடுக்க ஒருவர், அதிகாரியிடம் பேச வேறொருவர். கட்சிக்காரர் வந்தால் வரட்டும், எல்லாக் கட்சியும் வரட்டும், ஆனால் கொடியும் நன்கொடையும் வேண்டாம். ஒரு கட்சி ஆளாகிவிட்டீர்கள் என்றால் அடுத்த கட்சி ஆட்சிக்கு வந்ததும் உங்கள் நூலகம் பழிவாங்கப்படும்.

வாட்ஸப் குழுவில் காலை வணக்கம் போடுகிறவர்களுக்கு ஒரு தனிக் குழு வைத்துக் கொடுங்கள். சத்தியமாகச் சொல்கிறேன், பாதி சண்டை குறையும்.

அல்லி:

😂 அது உலகம் முழுக்க உண்மை.

திடல் பக்கம் ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நியூயார்க்கில் வாஷிங்டன் சதுக்கப் பூங்கா வழியாகப் பெரிய சாலை போட, நகரத் திட்டங்களைக் கையில் வைத்திருந்த அதிகாரி ராபர்ட் மோசஸ் முயன்றபோது, அந்தப் பகுதித் தாய்மார்களும் எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் போன்றவர்களும் சாலை வேண்டாம் என்பதோடு நிற்கவில்லை, ஏற்கெனவே உள்ளே ஓடிக்கொண்டிருந்த வண்டிகளையும் நிறுத்திப் பாருங்கள், சோதனைக்குத்தான் என்று கேட்டார்கள். 1958-ல் சோதனைக்கு மூடினார்கள். சுற்றுவட்டாரமே ஸ்தம்பிக்கும் என்று சொன்னது நடக்கவில்லை, அடுத்த வருஷம் நிரந்தரமாயிற்று. அதிகாரிக்கு ஒரு பெரிய முடிவை எடுப்பதைவிடச் சோதனைக்கு ஒத்துக்கொள்வது சுலபம். வணிக வளாகம் வேண்டாம் என்று நூறு காரணம் எழுதும்போது, கூரையைச் சரிசெய்து ஆறு மாதம் இரவு எட்டு மணி வரை திறந்து வைத்துப் பாருங்கள் என்று ஒன்று சேர்த்துக் கேளுங்கள்.

வெள்ளைத்தாள்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

இதுவரை நடந்தது: அறிவிப்பைப் படம் எடுத்தாயிற்று, சுவரோடு சேர்த்து. கோப்பைப் பார்வையிட மனு கொடுத்தோம், தபால் பிரிவில் முதலில் வாங்க மறுத்தார்கள், முத்திரை போடாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்புகிறோம் என்றதும் வாங்கிக்கொண்டார்கள். பழைய மனைப்பிரிவு வரைபடத்தின் நகல் பக்கத்துத் தெருவில் ஒருவர் வீட்டுப் பத்திரத்தோடு இருந்தது, அதில் திடல் இருக்கும் பகுதியில் "விளையாட்டிடம்" என்றே எழுதியிருக்கிறது. நூலகம் இருக்கும் பகுதியில் எதுவும் எழுதவில்லை, அதுதான் கவலை. பயன்பாட்டுக் கணக்கைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளே எடுக்கிறேன் என்றார்கள், அவர்கள்தான் நாள் முழுக்க அங்கே இருக்கிறார்கள். கூரை ஒழுகல்தான் உண்மைக் காரணமா என்று குறுக்குக்கேள்வி கேட்டதை அப்படியே ஒரு கடிதமாக எழுதிவிட்டோம்.

ஒரு சந்தேகம். திடலுக்கு வரும் பிள்ளைகள் தாங்களும் எழுதுகிறோம் என்கிறார்கள், பத்துப் பன்னிரண்டு வயது. அது ஆட்சேபமாகச் செல்லுமா, இல்லை விளையாட்டாக எடுத்துக்கொள்வார்களா?

நில அளவையர்:

சின்னப் பிள்ளை எழுதியது என்பதற்காக வாங்க முடியாது என்று சொல்லி நான் பார்த்ததில்லை. கீழே பெற்றோர் ஒருவர் கையெழுத்தும் முகவரியும் இருக்கட்டும். எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள், நீங்கள் சொல்லிக் கொடுத்து எழுத வைத்தது என்று யாரும் சொல்லக்கூடாது. ஆளுக்கு ஒரு தாள், ஒவ்வொன்றுக்கும் தனி எண் வாங்குங்கள், கட்டாகக் கொடுக்காதீர்கள். நூலகப் பகுதிக்கு வரைபடத்தில் எதுவும் இல்லை என்றால் அந்த நிலத்தை நூலகத்துக்கு மாற்றிக் கொடுத்த பழைய தீர்மானம் எங்காவது இருக்க வேண்டும், கட்டிடம் திறந்த வருஷத்துத் தீர்மானப் புத்தகத்தைக் கேளுங்கள். திறப்பு விழாக் கல்வெட்டில் வருஷம் இருக்கும்.

வெள்ளைத்தாள்:

கல்வெட்டு இருக்கிறது ஐயா, அதன் மேல்தான் யாரோ நூலக நேரம் எழுதிய பலகையை மாட்டியிருக்கிறார்கள். நாளைக்குக் கழற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.